படுத்த பிறகு பத்து நிமிடம்

காரைக்குடியில் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கிறேன். உடம்பில் தண்ணீர் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்க்க, ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கும் இடம்) இல்லாத பக்கத்துக் கையிலும் காலிலும் எலக்ட்ரோடு ஒட்டி, ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவான மின்சாரத்தைச் செலுத்துவோம். வலிக்காது. தண்ணீர் கூடக்கூட உடம்பின் மின் எதிர்ப்பு குறையும். அதை வைத்துத்தான் கணக்கு.

எண் வர ஒரு நிமிடம்கூட ஆகாது. படுக்க வைத்துக் காத்திருப்பதற்குத்தான் நேரம் வேண்டும். அதை வீண் என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கமிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறார்கள். அப்போது தண்ணீர் கால்களில் இறங்கியிருக்கும். படுத்ததும் மெல்ல நடுவுடம்புக்குத் திரும்பும். கையும் காலும் ஒல்லியாக நீண்டவை என்பதால் மொத்த எதிர்ப்பில் பெரும்பகுதி அங்கேதான். எடையில் பாதியளவு நடுவுடம்பில் இருந்தும், எதிர்ப்பில் அதன் பங்கு பத்தில் ஒன்று போலத்தான். ஆகவே கால் வற்றுவது எண்ணில் தெரியும், நடுவுடம்பு நிறைவது அவ்வளவாகத் தெரியாது. ஒரு சொட்டு வெளியேறாமலே தண்ணீர் குறைந்துவிட்டதாகக் கருவி சொல்லும். இந்த நகர்வு மணிக்கணக்கில் நீளும், ஆனால் முதல் சில நிமிடங்களில்தான் வேகம் அதிகம். வெயிலில் நடந்து வந்து தோல் சூடேறியிருந்தால் எதிர்ப்பு இறங்கிவிடும், அது வேறு.

"படுத்தாச்சுல்ல தம்பி, பாத்து விட்ருங்களேன்" என்பார் ஓர் ஆச்சி.

"பத்து நிமிஷம் ஆச்சி. கால்ல இருக்குற தண்ணி கொஞ்சம் நகரட்டும்."

சரி என்று இரண்டு கையையும் வயிற்றின் மேல் கோத்துக்கொள்வார். கை உடம்பைத் தொட்டால் மின்சாரத்துக்குக் குறுக்குவழி கிடைத்து எதிர்ப்பு குறைவாகக் காட்டும். கைகளைச் சற்று விலக்கி வைத்து, ஒட்டும் தொடைகளுக்கு நடுவே காய்ந்த துண்டை மடித்து வைப்பேன். பேசினாலும் அசைந்தாலும் எண் ஆடும், அதனால் அளக்கும்போது மட்டும் பேச்சு இல்லை.

இந்த எண்ணையும் பார்த்துத்தான் டாக்டர் எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்று முடிவு செய்கிறார். அதிகம் எடுத்தால் பிரஷர் விழும், கால் இழுத்துப் பிடிக்கும். அந்த வேதனையை அருகில் நின்று பார்க்கிறவன் நான். போன மாத எண்ணோடு இந்த மாத எண்ணை ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டும் ஒரே மாதிரி படுத்து எடுத்ததாக இருக்க வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பிய, தண்ணீர் சதவீதமும் காட்டும் எடை மெஷின் இங்கே பல வீடுகளில் உண்டு. நின்றபடி, பெரும்பாலும் பாதம் வழியாக மட்டும் அளப்பது அது. அதில் எடையை மட்டும் தினமும் குறித்து வாருங்கள், தண்ணீர் சதவீதத்தை இங்கே எடுக்கும் அளவோடு சேர்க்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறேன்.