அட்டையில் அடித்துவிட்ட வரி

ருவாண்டாவின் பழைய அடையாள அட்டையில் ஹுட்டு, டுட்சி, ட்வா, குடியுரிமை பெற்றவர் என்று இனத்தைக் குறிக்கும் ஒரு வரி அச்சாகியிருக்கும். பொருந்தாததை எழுத்தர் பேனாவால் அடித்துவிடுவார். 1930களில் பெல்ஜிய ஆட்சி தொடங்கிவைத்த வழக்கம் அது. விடுதலைக்குப் பிறகும் யாரும் அதை எடுக்கவில்லை. 1994இல் டுட்சிகளைக் குறிவைத்த இனப்படுகொலையின்போது சாலைத் தடுப்புகளில் கத்தியோடு நின்றவர்கள் அட்டையை வாங்கிப் பார்த்தது அந்த வரியைத்தான்.

படிவத்தில் இனம், மதம் என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்பவர்கள் நல்ல காரணம்தான் சொல்வார்கள்: உதவி யாருக்குப் போய்ச் சேரவில்லை என்று தெரிய வேண்டும். ஆள் பெயரைக் குறிக்காத மாதிரிக் கணக்கெடுப்பே அதற்குப் போதும். சட்டைப்பையில் சுமக்கும் அட்டையில் அது ஏறவே கூடாது. பலவீனமான அரசில் பதிவேடு இன்று யாரிடம் இருக்கிறது என்பது பாதிக் கேள்விதான். ஆட்சி கவிழ்ந்த மறுநாள் அது யார் கைக்குப் போகும்?

ஆவணமே இல்லாமல் இருப்பதும் அதே அளவு ஆபத்து. மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்ட்டில் 1990களில் 'யார் உண்மையான ஐவரியர்' என்ற பேச்சு அரசியலுக்குள் வந்தது. வடக்கத்திப் பெயர் இருந்தாலே சோதனைச்சாவடியில் வெளிநாட்டவரோ என்று சந்தேகம். காவல்துறையை நம்ப முடியாதவர்கள் தங்களுக்கென்று காவலைத் தேடிக்கொள்வார்கள்; அதையே துரோகத்துக்குச் சான்றாக அரசு எடுத்துக்கொள்ளும். 2002இல் போர் வெடித்து நாடு இரண்டாகப் பிளந்தது. வடக்கில் பல பதிவேடுகளும் அழிந்தன.

சமரசத்தின் ஒரு பகுதியாக நடமாடும் நீதிமன்றங்கள் வந்தன. பிறப்பு பதிவாகாதவர் சாட்சிகளோடு வருவார்; மருத்துவர் உத்தேச வயதைச் சொல்வார்; நீதிபதி தரும் தீர்ப்பு பிறப்புச் சான்றிதழுக்கு ஈடாக நிற்கும். 2006இல் தொடங்கிய இந்த வேலை, வெளிநாட்டவரை வாக்காளர் ஆக்குகிறார்கள் என்ற எதிர்ப்பில் தடைபட்டு, அரசும் கிளர்ச்சியாளர்களும் செய்துகொண்ட 2007 உவாகடூகு அமைதி உடன்படிக்கைக்குப் பிறகுதான் மீண்டும் நடந்தது. பிறப்பைப் பதிவது வேறு, குடியுரிமை கொடுப்பது வேறு. இந்த வித்தியாசத்தைப் பதிவு மேசை போடுவதற்கு முன்பே ஊரில் எல்லாத் தரப்பிடமும் உட்கார்ந்து விளக்கியாக வேண்டும்.

மேசையில் கெடுவது சின்ன விஷயங்களில். தாயின் அட்டையில் ஒரு எழுத்து, மகனின் தீர்ப்பில் வேறு எழுத்து என்றால் அடுத்த அலுவலகம் திருப்பி அனுப்பிவிடும். பிறந்த நாள் தெரியாத எல்லோருக்கும் ஜனவரி 1 என்று போட்டுவிட்டால், பின்னாளில் அதுவே மோசடிக்கு அடையாளமாகப் படும். மழைக்காலமா அறுவடையா என்று கேட்டால் மாதமாவது கிடைக்கும். முத்திரை விழுவதற்கு முன் பதிவை அவருடைய மொழியிலேயே உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். ஆளுக்கு 2 நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் கொடியது பழைய ஆவணத்தை வாங்கிக்கொள்வது. மியான்மரில் 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பின், 1989 முதல் பழைய அட்டைகளை வாங்கிக்கொண்டு புதியவற்றைக் கொடுத்தார்கள். ஒப்படைத்த ரோஹிங்யா என்ற முஸ்லிம் சிறுபான்மையினர் பலருக்குப் புதியது வரவேயில்லை. 1995இலிருந்து கொடுத்த தற்காலிக வெள்ளை அட்டையும் 2015இல் செல்லாமல் போனது. 2017இல் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் வங்கதேசத்துக்குத் தப்பி ஓடினார்கள். புதியது கைக்கு வரும்வரை மூலத்தை வாங்கவே கூடாது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், எண்ணும் தேதியும் முத்திரையும் உள்ள ரசீதைப் பழைய அட்டையின் இருபக்க நகலோடு சேர்த்துப் பிணைத்து, அவர் மேசையை விட்டு எழுவதற்குள் கையில் கொடுத்துவிட வேண்டும்.