62 ரூபாய் 83 காசு குறைந்ததால் வந்த வினை

நெல்லை வண்ணாரப்பேட்டையில் மருந்து விநியோகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் கணக்கு எழுதினேன். அந்த நிறுவனத்துக்கு வங்கியில் ஓவர்டிராப்ட் கணக்கு, அதாவது இருப்பில் இல்லாத பணத்தையும் ஒரு வரம்புவரை கடனாக எடுத்துக்கொள்ளும் கணக்கு, ஒன்று உண்டு. வரம்புக்குள் எவ்வளவு எடுத்திருக்கிறோம், வரம்பைத் தாண்டிய நாள்களுக்கு என்ன வட்டி போட்டிருக்கிறார்கள், அது சரிதானா என்று மாதந்தோறும் பார்த்துச் சொல்வது என் வேலைகளில் ஒன்று. அப்படிப்பட்டவனுடைய சொந்தச் சேமிப்புக் கணக்கு, எந்த ஒப்பந்தமும் இல்லாமலே, 279 ரூபாய் 99 காசு மைனஸில் போய் நின்றது என்று எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போன பணத்தில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிய வழி மற்றவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் நடந்ததைத் தேதி வாரியாகவே சொல்கிறேன்.

2024 தைப் பொங்கல் கழிந்த கையோடு அந்த வேலையை விட்டு, என் ஊரான வீரவநல்லூருக்குப் பக்கத்திலேயே, சேரன்மகாதேவியில் ஓர் அரிசி ஆலை அலுவலகத்தில் சேர்ந்தேன். புதிய சம்பளம் ஒரு பொதுத்துறை வங்கிக் கணக்குக்கு வந்தது. பழைய சம்பளக் கணக்கு ஒரு தனியார் வங்கியில் இருந்தது. என் இருசக்கர வாகனக் கடனின் தவணை 3,150 ரூபாய் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி அதிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. தவணையைப் புதிய கணக்குக்கு மாற்ற வேண்டும் என்று நினைத்தேனே தவிர, மாற்றவில்லை. அதற்குப் பதிலாக, மாதம் 3ஆம் தேதி 3,200 ரூபாயைப் பழைய கணக்குக்கு அனுப்பிவிடுவேன். மாதம் 50 ரூபாய் மிச்சம் சேர்ந்துகொண்டே வரும். எனக்கு அதில் ஒரு திருப்தியும் இருந்தது.

சம்பளக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லை. ஆனால் தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் வரவாகவில்லை என்றால் அது சாதாரணச் சேமிப்புக் கணக்காகிவிடும் என்பது அந்த வங்கியின் விதி. என் கணக்கு மே மாதத்தில் அப்படி மாறியிருக்கிறது. மாறியதும் மாதச் சராசரி இருப்பு, அதாவது மாதத்தின் எல்லா நாள்களின் இருப்பையும் கூட்டி நாள் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது, 5,000 ரூபாய் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குறைகிற தொகையில் 6 சதவீதமும் அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் கட்டணம். மே மாத முடிவில் என் சராசரி 412 ரூபாய். 4,588 ரூபாய் குறைவுக்குக் கட்டணம் 275.28, ஜிஎஸ்டி 49.55, ஆக 324 ரூபாய் 83 காசு. இதை அவர்கள் எடுத்த நாள் ஜூன் 4. நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நடந்த நாள் அது. வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சி முன்னால் இருந்தோம். கைப்பேசியில் வந்த குறுஞ்செய்தியை நான் திறந்து பார்க்கவே இல்லை.

மறுநாள் தவணைப் பணம் கேட்டுக் கடன் நிறுவனத்தின் கேட்பு வங்கிக்கு வந்தபோது கணக்கில் இருந்தது 3,087 ரூபாய் 17 காசு. 62 ரூபாய் 83 காசு குறைவு. தவணை திரும்பிவிட்டது. மாலையில் கடன் கொடுத்த நிறுவனத்திலிருந்து அழைத்து, 10ஆம் தேதி மறுபடியும் அனுப்புவோம், பணம் வைத்திருங்கள் என்றார்கள். 6ஆம் தேதி இருப்பைப் பார்த்தேன். அதே 3,087 ரூபாய்தான் இருந்தது. 100 ரூபாய் போட்டால் போதும் என்று கணக்குப் போட்டு, 100 ரூபாய் போட்டேன். கணக்காளனாக இருந்தும் நான் செய்த தவறு இங்கேதான். தவணை திரும்பியதற்கான கட்டணம் அன்றே பிடிக்கப்படும் என்று நினைத்திருந்ததால், இருப்புக் குறையாததைப் பார்த்து, கட்டணம் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அவர்கள் 7ஆம் தேதி 500 ரூபாயும் ஜிஎஸ்டி 90 ரூபாயும் எடுத்தார்கள். 10ஆம் தேதி தவணை மறுபடியும் திரும்பியது. 12ஆம் தேதி இன்னொரு 590 ரூபாய் போயிற்று. கடன் நிறுவனமும் தன் பங்குக்கு ஒவ்வொரு தடவைக்கும் 531 ரூபாய் போட்டிருந்தது.

13ஆம் தேதி, மிஞ்சிய 2,007 ரூபாயில் 2,000 ரூபாயை எடுத்துக்கொண்டு, தவணையையும் இரண்டு 531 ரூபாயையும் கடன் நிறுவனத்துக்கு நேரடியாகக் கட்டினேன். பழைய கணக்கில் 7 ரூபாய் 17 காசு கிடந்தது. விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஜூலை 4ஆம் தேதி, ஜூன் மாதத்துக்கான குறைந்தபட்ச இருப்புக் கட்டணமாக 287 ரூபாய் 16 காசு எடுத்தார்கள். 7 ரூபாய் இருக்கிற கணக்கில் 287 ரூபாய் எடுத்தால் என்ன ஆகுமோ அதுவே ஆயிற்று. நான் ஒரு காசுகூடக் கூடுதலாக எடுக்காமல், வங்கியே எடுத்து, என்னை அதற்குக் கடன்காரனாக்கி வைத்திருந்தது. நிறுவனத்தின் ஓவர்டிராப்ட் கணக்கில் இப்படி ஒரு வரி வந்திருந்தால் அன்றைக்கே மேலாளரை அழைத்திருப்பேன்.

ஜூலை 8 திங்கட்கிழமை கிளைக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் பீடி சுற்றும் ஓர் அம்மாள், பாஸ்புக்கை நீட்டி, "அண்ணாச்சி, இத என்னன்னு கொஞ்சம் பாருங்க. நான் சொல்லாம எப்படி எடுப்பாவ?" என்று கேட்டார். மே மாதக் கடைசியில் 436 ரூபாயும் 20 ரூபாயும் போயிருந்தன. அவை கட்டணங்கள் அல்ல. பிரதமரின் ஜீவன் ஜோதி, சுரக்ஷா காப்பீடுகளுக்கான ஆண்டுப் பிரீமியம். ஒரு முறை கையெழுத்துப் போட்டுவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் தானாக எடுத்துக்கொள்வார்கள், வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்து நிறுத்தலாம் என்று விளக்கினேன். காப்பீடு என்று தெரிந்ததும் அவர் நிறுத்த விரும்பவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது பணம் எதற்குப் போயிற்று என்ற விவரம் மட்டுமே. அதை அச்சடித்த சுருக்கெழுத்துகளிலிருந்து அவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

என் முறை வந்தபோது, கவுண்டரில் இருந்த இளைஞர் மரியாதையாகவே பேசினார். "இதெல்லாம் சிஸ்டமே எடுத்துக்கிடுது, அண்ணாச்சி. நாங்க கை வைக்க முடியாது. வேணும்னா பாதியத் திருப்பித் தரச் சொல்லி மேல எழுதிப் பாக்கேன்" என்றார். வாய்ப்பேச்சில் முடிக்க வேண்டாம் என்று, கையோடு கொண்டுபோயிருந்த புகார்க் கடிதத்தைக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். பிறகு நடந்த அத்தனைக்கும் அந்த முத்திரைதான் ஆதாரமாக இருந்தது.

கடிதம் எழுதுவதற்கு முன் இரண்டு இரவு உட்கார்ந்து ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் தேடியதில், 2014 நவம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கை ஒன்று கிடைத்தது. 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது அது. சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்காக அபராதம் போடுவதைப் பற்றியது. அதில் எனக்கு வேண்டியவை இரண்டு. இருப்புக் குறைந்தால் வங்கி குறுஞ்செய்தி, மின்னஞ்சல், கடிதம் போன்ற ஏதாவது ஒரு வழியில் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் இருப்பைச் சரிசெய்யாவிட்டால்தான் அபராதம் போடலாம். அடுத்தது, இந்த அபராதத்தின் காரணமாக மட்டுமே கணக்கு மைனஸுக்குப் போய்விடக் கூடாது. இரண்டாவது விதியை மீறியிருப்பதற்குப் பாஸ்புக்கே சாட்சி. முதலாவதற்கு, எனக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை என்று எழுதினேன்.

கிளையிலிருந்து பதில் இல்லை. ஒரு வாரம் கழித்து, அந்த வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு அதே கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினேன். ஆகஸ்ட் 6ஆம் தேதி பதில் வந்தது. மே 20ஆம் தேதி என் பதிவு செய்யப்பட்ட மின்னஞ்சலுக்கு அறிவிப்பு அனுப்பியிருப்பதாகவும், ஆகவே கட்டணங்கள் எல்லாம் சரியென்றும், நல்லெண்ண அடிப்படையில் 287 ரூபாய் 16 காசை மட்டும் திருப்பித் தருவதாகவும், அதற்குப் புகார் முடிந்தது என்று நான் ஒப்புதல் தர வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். இதற்குள் ஜூலை மாதத்துக்காக 354 ரூபாயை நிலுவை என்று வேறு குறித்து வைத்திருந்தார்கள்; ஏதாவது பணம் போட்டால் முதலில் அதை எடுத்துக்கொள்வார்கள்.

அந்தப் பதிலைப் படித்தபோது முதலில் சோர்வுதான் வந்தது. பதிவு செய்யப்பட்ட மின்னஞ்சல் என்பது பழைய நிறுவனம் கொடுத்தது; நான் வேலையை விட்ட அன்றே அது செயலிழந்துவிட்டது. அதை மாற்றாதது என் தவறு என்று அவர்கள் சொன்னால் என்னால் மறுக்க முடியாது. ஆனால் இரண்டாம் முறை படித்தபோது தேதி கண்ணில் பட்டது. மே 20இல் அறிவிப்பு என்றால் ஒரு மாத அவகாசம் முடிவது ஜூன் 20இல். ஜூன் 4இல் கட்டணம் எடுத்திருக்கிறார்கள். அறிவிப்பு எனக்குக் கிடைத்ததா இல்லையா என்று வாதாட வேண்டிய அவசியமே இல்லாமல், அவர்கள் பதிலே அவர்களுக்கு எதிராக நின்றது. அந்த 324 ரூபாயை அன்று எடுத்திருக்காவிட்டால் கணக்கில் 3,412 ரூபாய் இருந்திருக்கும், தவணை திரும்பியிருக்காது.

ஆகஸ்ட் 9ஆம் தேதி ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் புகார் பதிவு செய்தேன். முன்பு வங்கி, வங்கிசாரா நிதி நிறுவனம், மின்னணுப் பரிவர்த்தனை என்று தனித்தனியாக இருந்த மூன்று திட்டங்களை இணைத்து 2021 நவம்பர் 12இல் தொடங்கியது இது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வேண்டியதில்லை. இணையதளத்தில் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை இட்டு நுழைந்து எழுதலாம். இணையம் வசப்படாதவர்கள் தபாலில் அனுப்பலாம். தமிழில் எழுதினாலும் வாங்கிக்கொள்வார்கள். சந்தேகம் கேட்க 14448 என்ற இலவச எண் இருக்கிறது. வங்கிக்கு முதலில் எழுதினீர்களா, எந்தத் தேதியில், என்ன பதில் வந்தது என்ற கேள்விகள்தான் இதில் முக்கியமானவை. வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாள் காத்திருந்தும் பதில் வராமலோ, வந்த பதிலில் திருப்தி இல்லாமலோ இருந்தால்தான் இங்கே வரலாம். அம்பாசமுத்திரத்தில் என் நண்பர் ஒருவர், வங்கிமேல் இருந்த கோபத்தில் நேரே இங்கே எழுதி, எழுதிய வேகத்திலேயே புகார் தள்ளுபடியாகி உட்கார்ந்திருந்தார்.

புகாரில் எந்த வசையும் இல்லாமல், தேதி, தொகை, எடுத்த பின் இருந்த இருப்பு என்று ஒரு பட்டியலும் அதன்கீழ் நான்கு வாக்கியங்களும் மட்டும் எழுதினேன். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் வங்கியின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் அழைத்தார். இரண்டு குறைந்தபட்ச இருப்புக் கட்டணங்களையும் முதல் 590 ரூபாயையும் தருவதாகச் சொன்னார். இரண்டாவது 590 ரூபாயைத் தர இயலாது என்றார். தவணை ஒரு முறை திரும்பிய செய்தி எனக்கு வந்திருக்கிறது, கட்டணப் பட்டியல் இணையதளத்தில் இருக்கிறது, போதிய பணம் வைத்திருக்க வேண்டியது என் பொறுப்பு என்பது அவர் வாதம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கட்டணத்தை இரண்டு நாள் தள்ளி எடுத்தால் இருப்பைப் பார்த்துப் பணம் போடுகிறவன் ஏமாறத்தான் செய்வான் என்று சொன்னேன். ஆனாலும் 6ஆம் தேதி நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது என்பதையும் மறுக்க முடியவில்லை. ஒப்புக்கொண்டேன். செப்டம்பர் 20ஆம் தேதி 1,201 ரூபாய் 99 காசு வரவாயிற்று. 354 ரூபாய் நிலுவைக் குறிப்பையும் நீக்கினார்கள். மைனஸ் கழிந்து இருப்பு 922 ரூபாய். கடன் நிறுவனத்துக்குக் கொடுத்த 1,062 ரூபாய் போனது போனதுதான்.

தவணையைப் புதிய வங்கிக்கு மாற்ற, ரத்து செய்த காசோலையும் புதிய ஒப்புதல் படிவமும் கொடுத்தும், கையெழுத்துப் பொருந்தவில்லை என்று ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள். அது முடியும்வரை ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதிக்கு முன்பே தவணையை நேரடியாகக் கட்டி, பழைய கணக்குக்குக் கேட்பு அனுப்ப வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் கடைசியில் கணக்கை மூடப் போனேன். 922 ரூபாயைப் புதிய கணக்குக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்து, மிச்சமிருந்த காசோலைகளையும் அட்டையையும் ஒப்படைத்தேன். அதே இளைஞர்தான் இருந்தார். மூடியதற்கான கடிதத்தை நீட்டியவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அந்த 2014 சர்க்குலர் நகல் ஒண்ணு இருந்தா தாங்க, அண்ணாச்சி. வேற பேங்க்ல எங்க அம்மா கணக்குலயும் இப்படித்தான் எடுத்திருக்காவ" என்றார். பையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.