ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் ஸ்டார்ட் ஆகாத மரியாடிபி

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நான் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொடுக்கும் மொத்த மருந்துக் கடை காந்தி வீதிப் பக்கம் இருக்கிறது. சர்வர் மாடி அறையில் இருப்பதால் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை. ஆனால் சனிக்கிழமை மதியம் அவசரமாகக் கடையைப் பூட்டியபோது சர்வரை யாரும் அணைக்கவில்லை. கரண்ட் போனதும் யுபிஎஸ் தன்னால் ஆனவரை தாங்கிவிட்டுக் கைவிட்டது. அந்த நொடியில் சர்வரும் நின்றுபோனது.

திங்கட்கிழமை மாலைதான் எங்கள் வீதிக்குக் கரண்ட் வந்தது. கொஞ்ச நேரத்தில் முதலாளி அண்ணனிடமிருந்து போன். "தம்பி, எந்த மிஷின்லயும் பில் போட முடியல. நாளைக்குக் காலையில நர்சிங் ஹோம்காரங்க எல்லாம் வந்து நிப்பாங்க, கொஞ்சம் வந்து பாருப்பா" என்றார். ரெயின்போ நகர்ப் பக்கம் போக வேண்டாம் என்று சொன்னார்கள். லாஸ்பேட்டையிலிருந்து முத்தியால்பேட்டை வழியாகச் சுற்றிப் போய்ச் சேர்ந்தேன். கடையில் இன்சுலின் பெட்டிகளை ஐஸ் வைத்த தெர்மோகோல் பெட்டிகளுக்கு மாற்றி, தெர்மாமீட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் அண்ணன். 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் அதைக் காப்பாற்ற இரண்டு நாளாக அவர் பட்ட பாட்டைப் பார்த்தபோது, என் பங்கைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று மனதில் உறுதியாக இருந்தது.

சர்வரில் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டம் உபுண்டு 22.04. பில் கணக்கையெல்லாம் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் மென்பொருள் மரியாடிபி 10.6. மரியாடிபி ஓடுகிறதா என்று காட்டும் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். சிவப்பில் ஃபெயில்ட் என்று மட்டும் காட்டியது. திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் கொடுப்பதில் பயனில்லை. ஏன் நின்றது என்பதை மரியாடிபி லாக்கில், அதாவது நடந்ததைப் பதியும் குறிப்பேட்டில், எழுதிவிட்டுத்தான் நின்றிருக்கும். லாக்கைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் அதன் வரிகளை மட்டும் எடுத்துப் படித்தேன். டேட்டா ஃபோல்டருக்குள் போக முடியவில்லை, எரர்கோட் 2, அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்றது.

நெஞ்சு பதறிவிட்டது. மூன்று வருட பில்கள், பேட்ச் நம்பர்கள், காலாவதித் தேதிகள், பாக்கிக் கணக்கு எல்லாம் அந்த ஃபோல்டரில்தான் இருந்தன. கடைப் பையன் அதற்குள் போனில் தேடி, "ஃபோல்டரை நாமே உண்டாக்கி மரியாடிபியைப் புதுசா இன்ஸ்டால் பண்ணிட்டா சரியாயிடும்னு போட்டிருக்காங்கண்ணா" என்றான். நான் அவன் கையைப் பிடிக்காத குறைதான். அப்படிச் செய்தால் மரியாடிபி எழுந்துவிடும், உண்மைதான். ஆனால் எழுவது எதுவும் இல்லாத காலி டேட்டாபேஸ். அதில் பில் போடத் தொடங்கிவிட்டால் பழையதையும் புதியதையும் அப்புறம் சேர்ப்பதற்குள் உயிர் போய்விடும்.

ஃபோல்டர் தானாக மறையாது. அது இருந்த டிஸ்க் எங்கே என்றுதான் கேட்க வேண்டும். எங்கள் டேட்டா இருப்பது தனியான 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைப் போட்டேன். டிஸ்க் இருந்தது, ஆனால் எங்கும் மவுண்ட் ஆகவில்லை, அதாவது சிஸ்டத்தின் ஃபோல்டர்களோடு இணையவில்லை. பூட் ஆனபோது வந்த செய்திகளைப் பின்னோக்கிப் படித்ததும் கதை புரிந்தது. திடீரென்று கரண்ட் போனதில் அந்த டிஸ்க்கின் ஃபைல் சிஸ்டம், அதாவது எந்தக் கோப்பு எங்கே என்று வைத்திருக்கும் அடுக்குமுறை, குழம்பியிருக்கிறது. ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே பூட்டின்போது தானாக ஓடும்; அது, இதை நீயே கையால் ஓட்டிக்கொள் என்று சொல்லி ஒதுங்கிவிட்டது. எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் இந்த டிஸ்க்குக்கு நோஃபெயில் (வராவிட்டாலும் பூட்டை நிறுத்தாதே) என்று போட்டிருந்ததால் டிஸ்க் இல்லாமலே உபுண்டு பூட் ஆகிவிட்டது. அதைப் போட்டவன் நான்தான். டிஸ்க்கில் கோளாறு வந்தாலும் சர்வருக்குள் நுழைய வழி இருக்கட்டும் என்று நினைத்துப் போட்டது. அதில் தவறில்லை. மரியாடிபியை அந்த டிஸ்க்குக்காகக் காத்திருக்கச் சொல்லாமல் விட்டதுதான் தவறு.

உடனே எஃப்எஸ்சிகே ஓட்டக் கை துடித்தது. ஓட்டவில்லை. அது டிஸ்க்கிலேயே எழுதித் திருத்தும் வேலை, ஒருமுறை திருத்தினால் பின்வாங்க முடியாது. முதலில் ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளையில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்தேன். கெட்டுப்போன செக்டார் எதுவும் இல்லை. அப்புறம் ஒரு யுஎஸ்பி டிஸ்க்கைச் செருகி, டிடி கட்டளையில் முழு டிஸ்க்கையும் அப்படியே படியெடுத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. "இன்னும் எவ்வளவு நேரம்பா?" என்று அண்ணன் நாலு முறை கேட்டார். இந்த ஒன்றரை மணி நேரம் நம் மூன்று வருடத்துக்குக் காவல் என்று சொன்னேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை, டீ வாங்கி வரச் சொன்னார்.

படியெடுத்து முடித்த பிறகு எஃப்எஸ்சிகே ஓட்டினேன். சில இடங்களைத் திருத்தியது. மவுண்ட் செய்தேன், ஃபோல்டர் வந்தது, கோப்புகள் எல்லாம் மரியாடிபி ஓடும் மைஎஸ்கியூஎல் யூசர் பெயரிலேயே இருந்தன. மரியாடிபியை ஸ்டார்ட் செய்தேன். மறுபடியும் ஃபெயில்ட்.

ஆனால் இந்த முறை லாக் வேறு கதை சொன்னது. மரியாடிபிக்குள் டேட்டாவை எழுதிப் படிக்கும் ஸ்டோரேஜ் இன்ஜினான இன்னோடிபி, திடீரென்று நின்றதிலிருந்து மீளும் தன் கிராஷ் ரெக்கவரியை ஒழுங்காக முடித்திருந்தது. அதற்கு அடுத்த வரியில்தான் சிக்கல்: டிசி.லாக் கோப்பின் தலைப்பகுதி சரியில்லை என்றது. இது 24 கேபி அளவுள்ள சின்னக் கோப்பு. ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்டோரேஜ் இன்ஜின்களைத் தொடும் பரிவர்த்தனைகளை ஒத்திசைக்க மரியாடிபி வைத்துக்கொள்ளும் குறிப்பு. எங்கள் பில்லிங் மென்பொருள் இன்னோடிபியை மட்டும்தான் பயன்படுத்துகிறது. அதனால் அந்தக் கோப்பை வேறு பெயருக்கு மாற்றி ஒதுக்கி வைத்தேன், அழிக்கவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதே மாதிரி நேரத்தில் ஐபி_லாக்ஃபைல்0 கோப்பையும் அழித்துவிடு என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். கரண்ட் போன நொடிவரை நடந்ததை இன்னோடிபி மீட்டெடுப்பதே அந்தக் கோப்பை வைத்துத்தான். இன்னோடிபி ஃபோர்ஸ் ரெக்கவரி என்று 1 முதல் 6 வரை ஒரு அமைப்பும் இருக்கிறது. அதில் 4-ம் அதற்கு மேலும் டேட்டாவை நிரந்தரமாகக் கெடுத்துவிடக்கூடும். எனக்கு அது தேவைப்படவில்லை, தேவைப்பட்டிருந்தாலும் எடுத்து வைத்த நகலின் மேல்தான் முயன்றிருப்பேன்.

மறுபடி ஸ்டார்ட். ஆக்டிவ், ரன்னிங் என்று பச்சையில் வந்தது. உடனே யாரையும் பில் போட விடவில்லை. மரியாடிபி-செக் என்ற சோதனைக் கருவியை ஓட்டி எல்லா டேபிள்களையும் சோதித்தேன். அப்புறம் அண்ணனிடம் சனிக்கிழமை கடைசியாகப் போட்ட பில்லின் காகித நகலைக் கேட்டேன். கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எண், தொகை, அதிலிருந்த ஏழு மருந்துகளின் பேட்ச் நம்பர் என்று ஒவ்வொன்றாக அவர் வாசிக்க, நான் திரையில் சரிபார்த்தேன். எல்லாம் இருந்தன. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மணி பதினொன்றரை.

அடுத்த நாளே, உபுண்டுவில் சர்வீஸ்களைக் கிளப்பும் சிஸ்டம்டியில் மரியாடிபிக்கான அமைப்பில் ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் என்ற ஒரு வரியைச் சேர்த்தேன். டேட்டா டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டால் இனி மரியாடிபி கிளம்பவே கிளம்பாது. தினசரி பேக்கப் இத்தனை நாளும் அதே ஹார்ட் டிஸ்க்கிலேயே விழுந்துகொண்டிருந்தது, அதை வேறு மிஷினுக்கு மாற்றினேன். யுபிஎஸ் பேட்டரி குறைந்தால் சர்வர் தானாக ஒழுங்காக அணையும்படி நட் என்ற மென்பொருளையும் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தபோது டேட்டா டிஸ்க்கின் கேபிளை வேண்டுமென்றே கழற்றிவிட்டு பூட் செய்து பார்த்தேன். ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு, இந்த டிஸ்க் வரவில்லை, அதனால் மரியாடிபியைக் கிளப்பவில்லை என்று லாக்கில் தெளிவாக எழுதியிருந்தது. கேபிளை மாட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.