சாவி தொலைந்த வாரம்

ஜூன் 3, திங்கள்

புது வேலை வந்திருக்கிறது. 11 கிளை உள்ள மருந்துக்கடை. ஒவ்வொரு கிளையிலும் பில் போடுகிற கணினியில் ஒரு எஸ்கியூலைட் கோப்பு (ஒரே கோப்புக்குள் அடங்குகிற சின்னத் தரவுத்தளம்), தலைமையகத்தில் போஸ்ட்கிரஸ் (சர்வரில் ஓடுகிற பெரிய தரவுத்தளம்). ராத்திரி கிளைக் கணக்கை மேலே ஏற்றுகிற பைத்தான் ஸ்கிரிப்ட் ஒரே ஒரு கிளைக்கு மட்டும் இரண்டு வாரமாகப் படுத்துவிட்டது. அங்கே சரக்கு டேபிளில் யாரோ கையால் ஒரு புலம் சேர்த்திருக்கிறார்கள். ஸ்கிரிப்டோ பெயரைப் பார்க்காமல் வரிசையை மட்டும் நம்பி ஏற்றுகிற ரகம். ஒன்று கூடினால் போதும், கதை முடிந்தது.

(புலம் என்றால் டேபிளின் ஒரு நெடுவரிசை. பேச்சில் ஆங்கிலப்படி இதை ‘காலம்’ என்போம். எழுதினால் நல்ல காலமா கெட்ட காலமா என்று கேட்பீர்கள். அதனால் புலம்.)

மற்ற 10 கிளைகளில் என்னென்ன செய்து வைத்திருக்கிறார்களோ. ஒவ்வொன்றாகத் திறந்து கண்ணால் ஒப்பிட எனக்குப் பொறுமை கிடையாது. என்னென்ன டேபிள், எதில் என்னென்ன புலம், எது சாவி (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டுகிற புலம் அல்லது புலங்கள்) என்று நிரலே தரவுத்தளத்திடம் கேட்டுக்கொள்ளட்டும்.

ஜூன் 4, செவ்வாய்

எஸ்கியூலைட் இந்த விஷயத்தில் வெள்ளந்தி. ‘எஸ்கியூலைட்_மாஸ்டர்’ என்ற டேபிளை செலக்ட் (தரவைப் படிக்கிற கட்டளை) செய்தால் எல்லா டேபிளின் பெயரும் வந்துவிடும். கூடவே, அந்த டேபிளை உருவாக்கிய கட்டளையும் எழுதியவர் போட்ட கமென்ட் உட்பட அப்படியே இருக்கும். ஒரு கிளையின் கோப்பில் “ஜிஎஸ்டி வந்ததும் மாத்தணும்” என்று யாரோ எழுதியிருந்தது இன்னும் கிடக்கிறது. மாற்றவில்லை.

புல விவரத்துக்கு ‘பிராக்மா டேபிள்_இன்ஃபோ’ என்ற கட்டளை. புலத்துக்கு ஒரு வரி வீதம் எண், பெயர், வகை, காலியாக விடலாமா, தானாக வரும் மதிப்பு, கடைசியில் ‘பிகே’. பிகேயில் 1 இருந்தால் முதன்மைச் சாவி, 0 இருந்தால் இல்லை என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். பில் விவர டேபிளில் பில் எண்ணும் வரிசை எண்ணும் சேர்ந்துதான் சாவி. என் நிரல் பில் எண்ணை மட்டும் காட்டியது. அச்சிட்டுப் பார்த்தால் வரிசை எண்ணுக்கு எதிரே 2. அது ஆமா இல்லையா என்கிற பதில் இல்லை, சாவிக்குள் எத்தனையாவது இடம் என்கிற எண்! 1-க்குச் சமமா என்று கேட்டதை 0-க்கு மேலா என்று மாற்றினேன்.

சாயங்காலம் இன்னொரு கூத்து. ஒரு கிளையில் டேபிளே இல்லை என்று அறிக்கை. பதறிப்போய்ப் பார்த்தால் நான் கோப்பின் பெயரைத் தப்பாக அடித்திருக்கிறேன். இல்லாத கோப்பைத் திறக்கச் சொன்னால் எஸ்கியூலைட் மறுக்காது, புதிதாக ஒரு காலிக் கோப்பை உண்டாக்கித் திறந்து கொடுத்துவிடும்.

ஜூன் 6, வியாழன்

போஸ்ட்கிரஸ் பக்கம். இங்கே ‘இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா’ இருக்கிறது, தரவுத்தளத்தின் அமைப்பைச் சொல்கிற பட்டியல்களின் தொகுப்பு. 1992-ஆம் ஆண்டு எஸ்கியூஎல் (தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கிற மொழி) தரத்திலேயே வந்த ஏற்பாடு. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்திலும் உண்டு. ஆரக்கிளில் கிடையாது, அங்கே ‘ஆல்_டேப்_காலம்ஸ்’ மாதிரி தனிக் குடும்பம்.

தரவைக் கேட்கிற அதே மொழியில் தரவுத்தளத்தின் அமைப்பையும் கேட்க முடிய வேண்டும் என்று 1985-லேயே, டேபிள் வடிவத் தரவுத்தளங்களுக்கு அடிப்படை வகுத்த எட்கர் காட் தன் விதிகளில் நாலாவதாக எழுதி வைத்தார். எனக்கு அந்தப் பட்டியலில் பிடித்த விதி இதுதான்.

மடிக்கணினியில் எல்லாம் சரியாக ஓடியது. நாளைக்குத் தலைமையகம்.

ஜூன் 7, வெள்ளி

தலைமையக சர்வரில் ஓட்டினேன். எல்லா டேபிளும் வந்தது, எல்லாப் புலமும் வந்தது, முதன்மைச் சாவி மட்டும் ஒன்றுகூட வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. சாவியே இல்லாமலா இத்தனை வருடம் ஓட்டினார்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே மதியம்வரை என் ஜாயினை (டேபிள்களை இணைத்துக் கேட்கிற கேள்வியை) மாற்றி மாற்றி எழுதினேன்.

அங்கே தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் டீ குடித்துவிட்டு வந்து ஒரே கேள்விதான் கேட்டார்.

“தம்பி, எந்த யூசர்ல உள்ள போன?”

படிக்க மட்டும் உரிமை உள்ள யூசர். அவர்கள் கொடுத்ததே அதைத்தான்.

“அப்ப வராது.”

விஷயம் இதுதான். இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா ஆளைப் பார்த்துப் பதில் சொல்லும். புலப் பட்டியலைப் பார்க்க செலக்ட் உரிமை போதும். ‘டேபிள்_கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்’ பட்டியலில் ஒரு டேபிளின் சாவி தெரிய வேண்டுமானால், அந்த டேபிள் நம்முடையதாக இருக்க வேண்டும், அல்லது செலக்ட் தவிர வேறு ஏதாவது உரிமை அதில் இருக்க வேண்டும். மடிக்கணினியில் டேபிள்களுக்கு நானே சொந்தக்காரன், அதனால் எல்லாம் தெரிந்தது. ஆவணத்தில் இதெல்லாம் தெளிவாக எழுதித்தான் இருக்கிறது. அனுமதி இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமல் காலிப் பட்டியலை நீட்டுவதுதான் எனக்கு எரிச்சல்.

ஜூன் 10, திங்கள்

போஸ்ட்கிரஸ் தன் அமைப்பைக் குறித்து வைத்துக்கொள்ளும் உள் டேபிள்களான ‘பிஜி_கேட்டலாக்’ பக்கம் போய்விட்டேன். அங்கே ‘பிஜி_கன்ஸ்ட்ரெயின்ட்’டைப் படிக்க யூசர் உரிமை குறுக்கே வரவில்லை, சாவி எல்லாம் வந்துவிட்டது. கேள்வியை எப்படி எழுதுவது என்றும் அண்ணன்தான் காட்டினார். போஸ்ட்கிரஸுக்குக் கட்டளை அடிக்கிற நிரலான பிஎஸ்கியூஎல்லை ‘-இ’ போட்டுத் திறந்து (பெரிய இ) ஒரு டேபிளை விவரிக்கச் சொன்னால், அது உள்ளுக்குள் என்னென்ன கேட்கிறதோ அதையெல்லாம் திரையில் கொட்டும். அதிலிருந்து வேண்டியதை வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

வெட்டி எடுத்ததில் நான் ஒரு நிபந்தனையை விட்டுவிட்டேன். பலன், வாடிக்கையாளர் டேபிளில் ‘........பிஜி.டிராப்ட்.5........’ என்று ஒரு புலம் முளைத்தது. எப்போதோ யாரோ நீக்கிய புலம். போஸ்ட்கிரஸ் அதன் வரியை அழிப்பதில்லை, இப்படிப் பெயரை மாற்றி வைத்துக்கொள்ளும். ‘ஆட்ஈஸ்டிராப்ட்’ (நீக்கப்பட்டது என்கிற குறி) உள்ளதை ஒதுக்கச் சொன்னதும் போய்விட்டது. 50 எழுத்துப் புலம் 54 என்று வந்ததும் இதே இடத்தில்தான். உள்ளே 4 கூட்டி வைக்கிறார்கள். நாமாகக் கழிக்க வேண்டாம், ‘ஃபார்மட்_டைப்’ என்ற ஃபங்ஷனிடம் கொடுத்தால் சரியாகச் சொல்லும்.

ஜூன் 11, செவ்வாய்

அறிக்கை வந்துவிட்டது. 8 கிளைகள் தலைமையகத்தோடு ஒத்துப்போகின்றன. இரண்டில் விலைப் புலத்தின் வகை வேறு, அதில் ஒன்றில் வகையே எழுதவில்லை (எஸ்கியூலைட் அதையும் ஏற்றுக்கொள்ளும்). மிச்சம் ஒன்று நம் பிரச்சினைக் கிளை. கூடுதல் புலத்தின் பெயர் ‘ராக்_எண்’.

எடுத்துவிடலாமா என்று கேட்க அந்தக் கிளைக்குப் போன் போட்டேன். கவுன்டரில் இருந்த அக்காவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. “ஐயோ சார், அத எடுத்துடாதீங்க. எந்த மாத்திரை எந்த ராக்குலன்னு அத வெச்சுத்தான் தேடுறோம்.”

தலைமையகத்தில் சொன்னேன். யோசித்துவிட்டு, மற்ற 10 கிளைகளிலும் அந்தப் புலத்தைச் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். நாளைக்கு அந்த வேலை. ஏற்றுகிற ஸ்கிரிப்டையும் பெயர் பார்த்து ஏற்றும்படி திருத்த வேண்டும்.