ராபின் ஹூட்டின் விருந்தாளி

மூன்று நாளாக இரவில், இங்கிலாந்துக் கதைகளில் வரும் காட்டுக் கொள்ளையன் ராபின் ஹூட்டின் பழைய கதைப்பாடல்களைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகம் அவற்றை அருஞ்சொற்பொருளோடு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

1500-ஐ ஒட்டி அச்சான நீண்ட பாடலில் ஒரு காட்சி. விருந்தாளி இல்லாமல் சாப்பிட மாட்டேன் என்கிறான் ராபின். வாடிய முகத்தோடு வந்த ஒரு வீரனைக் கூட்டிவந்து சோறு போடுகிறார்கள். அப்புறம் கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறார்கள். பத்து ஷில்லிங்தான் என்கிறான். ராபினின் கூட்டாளி லிட்டில் ஜான் மேலங்கியைத் தரையில் விரித்துக் கொட்டி எண்ணினால், சரியாகப் பத்து! உண்மை சொன்னவனுக்கு, மடத்தில் அடகில் கிடக்கும் நிலத்தை மீட்க 400 பவுண்டு கடன் கிடைக்கிறது. ஜாமீன், மரியன்னை! உடுக்கத் துணியும் தருகிறார்கள். லிட்டில் ஜான் தன் வில்லையே அளவுகோலாக்கி, ஒவ்வோர் அளவுக்கும் மூன்று அடி தாவித் தாவி அளக்கிறான். அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

இந்தப் பாடலில் காதலி மரியன் கிடையாது. ராபின் பிரபுவும் இல்லை, சாதாரணக் குடியானவன். ராபின் என்றதும் நினைவுக்கு வரும் ஷெர்வுட் காடு அல்ல, பார்ன்ஸ்டேல்தான் இதில் அதிகம் வருகிறது. எனக்கு இந்த ராபினைத்தான் பிடித்திருக்கிறது.

அமெரிக்க அறிஞர் ஃபிரான்சிஸ் சைல்டு எண்ணிட்டுத் தொகுத்த 305 கதைப்பாடல்களும் இன்டர்நெட் ஆர்கைவில் கிடைக்கின்றன. ராபினுடையவை 117 முதல் 154 வரை. பாடியே கேட்க வேண்டுமா? சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தின் கதைப்பாடல் காப்பகத்தில் ஒற்றைத் தாளில் அச்சிட்டு விற்ற பழைய பாடல்கள் பலவற்றுக்கு ஒலிப்பதிவே இருக்கிறது. இன்றிரவு அங்கேதான்.