பெயர் சொல்வதற்கு முன் விவரிக்கப் பழகுதல்

தோல் மருத்துவம் படிக்க விரும்பும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, அதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதைத்தான். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிப்பும் ஓராண்டுப் பயிற்சி மருத்துவர் பணியும் சேர்ந்து ஐந்தரை ஆண்டுகள். பிறகு நுழைவுத் தேர்வில் நல்ல தரவரிசை பெற்று எம்.டி. சேர்ந்தால் மேலும் 3 ஆண்டுகள். அமெரிக்காவில் கல்லூரிப் பட்டத்துக்கு 4 ஆண்டுகள், மருத்துவக் கல்லூரியில் 4 ஆண்டுகள், பொதுப் பயிற்சி ஓராண்டு, துறைப் பயிற்சி 3 ஆண்டுகள் என்று கணக்கு இன்னும் நீள்கிறது. கணக்கு எப்படியிருந்தாலும், முழு மருத்துவராக ஆகாமல் தோல் மருத்துவராக ஆக வழியில்லை. இத்தனை ஆண்டுகளில் கற்பது என்ன என்று கேட்பவர்கள் குறைவு என்பதால், அதைப் பற்றியே எழுதுகிறேன்.

தோலைப் பார்க்கப் போகிறவருக்கு இதயமும் சிறுநீரகமும் எதற்கு என்று படிக்கும் காலத்தில் பலருக்கும் தோன்றும். கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருக்கிறது, நிறம் மாற ஒரு களிம்பு வேண்டும் என்று வருபவரிடம் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை இருக்கலாம். அவருக்குத் தேவை களிம்பன்று, இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை. மேல் இமைகளில் ஊதா நிறமும் விரல் முட்டிகளின்மேல் சிறு தடிப்புகளும் சேர்ந்து வந்தவரை, கைகளை உயர்த்திக் காட்டவும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழவும் சொல்ல வேண்டும். அது தசைகளையும் தாக்கும் அழற்சி நோயாக இருக்கலாம். வயது வந்தவர்களில் சிலருக்கு உள்ளே ஒரு புற்றுநோயும் மறைந்திருக்கும். பொது மருத்துவத்தை ஊன்றிப் படிக்காதவருக்கு இவையெல்லாம் வெறும் நிற மாற்றங்களாகவே தெரியும்.

முதுநிலைப் படிப்பின் தொடக்க மாதங்களில் மாணவர்கள் படும் பெரும்பாடு, நோயின் பெயரைச் சொல்லாமல் இருப்பதுதான். புறநோயாளிகள் பிரிவில் ஒருவரைப் பார்த்ததும் "சொரியாசிஸ்" என்று சொல்லிவிட நாக்கு துடிக்கும். நாங்கள் அதை அனுமதிப்பதில்லை. தட்டையான நிற மாற்றமா, மேலெழுந்த பருவா, அகன்ற தடிப்பா, நீர்க் கொப்புளமா, சீழ்க் கொப்புளமா. விளிம்பு தெளிவாக இருக்கிறதா, மங்கிக் கலைகிறதா. செதில் எப்படிப்பட்டது, உடலில் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் மருத்துவர் ராபர்ட் வில்லன், தோல் நோய்களைக் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைக் கொண்டே 8 வகைகளாகப் பிரித்தார். காரணம் தெரியாத காலத்தில் தொடங்கிய அந்த ஒழுங்கு, காரணம் தெரிந்த இன்றைக்கும் கைவிட முடியாததாகவே இருக்கிறது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதம் காட்டுவதற்குப் பூஞ்சையால் வரும் படர்தாமரையே போதுமான காரணம். ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தாமாகவே வாங்கிப் பல வாரங்கள் பூசிய பின் வருபவர்களிடம், பாடநூல் சொல்லும் வட்ட வடிவமும் சிவந்த விளிம்பும் இருக்காது. பெயரை நம்பிப் பார்ப்பவர் வேறு ஏதோ என்று எண்ணி மேலும் ஸ்டீராய்டே எழுதிவிடுவார். அங்கே கை வேலை தேவைப்படுகிறது. மங்கலான விளிம்பைத் தேடி, மழுங்கிய கத்தி முனையால் செதிலை மெதுவாகச் சுரண்டி ஸ்லைடில் சேர்த்து, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி விட்டு, மேல் கண்ணாடியை வைத்துச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். செல்கள் கரைந்து தெளிந்ததும், நுண்ணோக்கியின் ஒளியைக் குறைத்தால்தான் பூஞ்சை இழைகள் புலப்படும். அவை கிளைவிட்டு, செல் எல்லைகளைக் குறுக்கே கடந்து ஓடும். ஒளியைக் கூட்டி வைத்துக்கொண்டு "ஒன்றும் இல்லை" என்று எழுதும் மாணவரை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நெடுங்காலமாகப் பாடநூல்களின் படங்களில் பெரும்பாலானவை வெளிர் நிறத் தோலையே காட்டி வந்திருக்கின்றன. கறுத்த தோலில் அழற்சி சிவப்பாகத் தெரிய வேண்டியதில்லை. ஊதாவாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ தெரியலாம். அதனால் கண்ணோடு விரலையும் நம்பும்படி மாணவர்களுக்குச் சொல்கிறேன்: சூட்டையும் தடிப்பையும் விரல் உணர்ந்துவிடும்.

திசு ஆய்வைச் சலிப்பூட்டும் பகுதி என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கோ இந்தப் படிப்பின் உயிர்நாடியே அதுதான். 4 மில்லிமீட்டர் விட்டத்தில் எடுத்த ஒரு சிறு துண்டு, முந்தைய நாள் நாம் விவரித்ததை உறுதி செய்யும் அல்லது மறுக்கும். கொப்புள நோய் என்று சந்தேகித்தால், கொப்புளத்தை ஒட்டிய தோலிலிருந்து இன்னொரு துண்டும் எடுக்க வேண்டும்; அதை ஃபார்மலினில் போட்டுவிட்டால் ஒளிரும் சாயப் பரிசோதனைக்கு அது பெரும்பாலும் பயன்படாது. எந்தத் துண்டு எந்தக் குப்பியில் போக வேண்டும் என்பதை மருத்துவரே நின்று பார்க்க வேண்டும்.

இந்தியாவில் எம்.டி. பாடத்திட்டம் தோல் நோய்களோடு பால்வினை நோய்களையும் தொழுநோயையும் சேர்த்தே கற்பிக்கிறது; அது மிகச் சரியான ஏற்பாடு என்பது என் உறுதியான எண்ணம். வெளிறிய ஒரு திட்டில் பஞ்சின் நுனி படுவதை நோயாளி கண்ணை மூடிக்கொண்டு உணர்கிறாரா என்று பார்ப்பதும், முழங்கையின் உட்புறத்தில் ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் உருட்டிப் பார்ப்பதும், இருபுறமும் ஒப்பிட்டுத் திரும்பத் திரும்பச் செய்தால் மட்டுமே கைவரும். பால்வினை நோய்ப் பிரிவில் கற்பது பேச்சு. கதவை மூடிவிட்டு, முகம் மாறாமல், தீர்ப்புச் சொல்லும் தொனி இல்லாமல் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் உண்மையான பதில் கிடைக்கும்.

லேசர், அழகியல் சிகிச்சை ஆகியவற்றின் ஈர்ப்பில் இந்தத் துறைக்கு வருபவர்களை நான் குறை சொல்லவில்லை. தழும்பும் மங்கும் ஒருவரை எவ்வளவு வருத்தும் என்பது எனக்குத் தெரியும். ஆனால், நீக்கச் சொல்லி வந்த கரும்புள்ளி மெலனோமா என்ற தோல் புற்றுநோயா இல்லையா என்று உறுதியாகச் சொல்லத் தெரியாதவர் லேசரைக் கையில் எடுக்கக் கூடாது.

முதுநிலை இடத்துக்குக் காத்திருக்கும் இளம் மருத்துவர்கள், அந்த இடைவெளியில் அழகியல் மையங்களில் சேரலாமா என்று கேட்கிறார்கள். காய்ச்சலோடு தடிப்புகள் வரும் நோயாளிகளைச் சேர்க்கும் பொது மருத்துவ வார்டில் பணியாற்றும்படியே சொல்கிறேன். மருந்து ஒவ்வாமையால் தோல் உரியும் நோயாளிக்கு, உரிந்த பரப்பு உடலில் 10 சதவீதத்துக்குள்ளா, 30 சதவீதத்தைத் தாண்டிவிட்டதா என்று கணிப்பதும், எந்த மருந்தை அந்த நிமிடமே நிறுத்த வேண்டும் என்று முடிவெடுப்பதும், கண்ணையும் சிறுநீரின் அளவையும் கவனிப்பதும் அங்கேதான் பழகும்.