புளியந்தீவுக் கோட்டையும் கொக்கட்டிச்சோலை நந்தியும்: ஒரு நாள் யாத்திரை

மட்டக்களப்புக்குக் கோயில் கும்பிட வருகிறவர்களில் பலர் மாமாங்கத்தையும் கொக்கட்டிச்சோலையையும் முடித்துக்கொண்டு, கோட்டையை பஸ் ஜன்னலால் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கொக்கட்டிச்சோலை நந்தியின் கதையோ பறங்கியரோடு, அதாவது போர்த்துக்கேயரோடு, பின்னிப் பிணைந்தது. அந்தப் பறங்கியர் எழுப்பிய கோட்டையை முதலில் பார்த்துவிட்டு நந்திக்கு முன்னால் போய் நின்றால் கதை காதில் விழுகிற விதமே வேறு. அதனால் ஒழுங்கு இதுதான்: காலையில் மாமாங்கம், முற்பகலில் புளியந்தீவு, பின்னேரம் கொக்கட்டிச்சோலை. இதைத் தலைகீழாக்கினால் எங்காவது ஓரிடத்தில் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரும்.

அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்துக்கு வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும். ஊராருக்கு அது மாமாங்கப் பிள்ளையார். மூலவர் சிவலிங்கம், வழிபாடு பிள்ளையாருக்கு. இலங்கையிலிருந்து திரும்பிய இராமர் பூசித்த லிங்கம் என்றும், அனுமன் தோண்டியதுதான் கோயிலின் தீர்த்தக்குளம் என்றும் தல வரலாறு சொல்கிறது. முதலில் குளக்கரையில் கால், கை, முகம் கழுவிக்கொள்ளுங்கள். படியின் கீழ்த்தட்டுகள் பாசி பிடித்து வழுக்கும்; முதியவர்களை மேல்படியிலேயே நிறுத்தி, செம்பில் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது நல்லது. அர்ச்சனைத் தட்டுக்குத் தேங்காய், வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கற்பூரம் போதும். பிள்ளையாருக்கு ஒரு பிடி அறுகும், சிதறடிக்க இன்னொரு தேங்காயும் இருந்தால் குறையில்லை. வீட்டிலுள்ளவர்களின் பெயர், நட்சத்திரங்களை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். ஐயர் கேட்கும்போது நட்சத்திரம் நினைவுக்கு வராமல் ஊருக்குத் தொலைபேசி எடுக்கிறவர்கள் எந்த வரிசையிலும் உண்டு.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று இதே குளம் வேறு முகம் காட்டும். தகப்பனை இழந்தவர்கள் பிதிர்க்கடன் கழிக்கத் திரளும் நாள் அது. எள், தர்ப்பை, பச்சரிசி, வாழையிலை எல்லாவற்றையும் முதல்நாளே வாங்கி வைத்துவிட வேண்டும். சுவாமி தீர்த்தமாடும் வேளையில் குளக்கரையில் கால் வைக்க இடமிராது. தர்ப்பணத்துக்கு வருகிறவர்கள் விடியற்புறமே வந்து, கடனை முடித்து, பிறகு தீர்த்தம் பார்ப்பதுதான் வசதி. வீதி முழுக்கக் கச்சான் (நிலக்கடலை) கடைகள் நிற்கும். பிள்ளைகளைக் கையில் பிடித்திருக்கிறவர்களுக்கு அந்த வீதியைக் கடப்பதே தனி விரதம்!

அங்கிருந்து புளியந்தீவு. வாவி சூழ்ந்த இந்தத் தீவின் ஓரத்தில்தான் 1628 இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள். நான்கு மூலைக் கொத்தளங்கள். இரு பக்கம் வாவி, மற்ற இரு பக்கம் அகழி. பத்தாண்டு மட்டுமே அவர்கள் கையில் இருந்தது. 1638 மே 18 ஆம் திகதி கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் படையோடு சேர்ந்து ஒல்லாந்தர் இதைப் பிடித்தார்கள். இலங்கையில் ஒல்லாந்தர் கைப்பற்றிய முதல் கோட்டை இதுவே. ஐந்து நாள் கழித்து, மே 23 ஆம் திகதி, மன்னனுக்கும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டுக்கும் உடன்படிக்கை கைச்சாத்தானதும் மட்டக்களப்பில்தான். 1795 இல் கோட்டை ஆங்கிலேயரிடம் போனது. பிற்காலத்தில் நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம், இங்கே இயங்கியதால், கோட்டைக்குப் போவதென்றால் காணி உறுதி, பென்சன் காரியம் என்றே ஊரார் பலர் அறிவார்கள்.

கோட்டையைப் பார்க்க அலுவலக நாள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். போயா (பூரணை விடுமுறை) தினத்திலோ ஞாயிறன்றோ வந்து படலையோடு திரும்புகிறவர்கள் அதிகம். மதிலின் தடிப்பு, பழைய பீரங்கிகள், வாவிப் பக்கக் கொத்தளத்தில் அடிக்கும் காற்று, இவற்றுக்கு முக்கால் மணி நேரம் தாராளம். முழு வடிவத்தையும் உள்ளே நின்று பிடிக்க முடியாது. எதிர்க்கரைக்குப் போய் நீருக்குக் குறுக்கே பார்த்தால்தான், சின்னதொரு கோட்டை ஏன் இவ்வளவு பேருக்குத் தேவைப்பட்டது என்று விளங்கும். கடலிலிருந்து வாவிக்குள் நுழையும் எந்த வள்ளமும் அதன் பார்வைக்குத் தப்பாது.

புளியந்தீவில் ஆனைப்பந்திப் பிள்ளையார் கோயிலும் புனித மரியாள் பேராலயமும் நடை தூரத்தில்தான். மெதடிஸ்த மத்திய கல்லூரியையும் தவறவிட வேண்டாம். 1814 இல் வந்திறங்கிய வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடங்கிய பள்ளிக்கூடம் அது. மதியப் பூசையோடு கோயில்கள் நடை சாத்திவிடும், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் திறக்கும். இடையிலுள்ள நேரத்தைச் சாப்பாட்டுக்கும் நிழலுக்கும் கொடுங்கள். வைகாசி முதல் ஆவணி வரை மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசும் நாட்களில் உச்சி வெயிலில் வெறுங்காலோடு கோயில் வீதி மணலில் கால் வைத்தால் கொப்புளம் நிச்சயம்.

இரண்டரை மணியளவில் கல்லடிப் பாலத்தால் புறப்படலாம். பழைய பாலம் 1924 ஐச் சேர்ந்தது. பக்கத்திலுள்ள புதியது 2013 இல் திறக்கப்பட்டது. பாலம் தாண்டியதும் கல்லடி உப்போடையில் சுவாமி விபுலானந்தரின் சமாதி. 1947 இல் மறைந்த அடிகளுக்கு ஒரு பூ வைத்துவிட்டுப் போகப் பத்து நிமிடம் போதும். கடற்கரைப் பக்கத்துத் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தில், 2004 சுனாமியில் கோபுரம் சாய்ந்த கதையை அயலவர்களே சொல்வார்கள்.

பிறகு காத்தான்குடி, ஆரையம்பதி வழியாக மண்முனைப் பாலம். 2014 இல் இந்தப் பாலம் திறக்கும்வரை வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையிலிருந்து மேற்குக் கரையான படுவான்கரைக்குப் 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டும். ஒரு பாதை தவறினால் அடுத்ததற்குக் கரையில் காத்திருக்க வேண்டியதுதான். இப்போது நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் ஓட்டம். பாலம் கடந்ததும் வயலும் வெளியும் தொடங்கிவிடும். மார்கழி, தை மழையில் வெள்ளம் வந்தால் இந்தப் பக்கத்து வீதிகள் சில மூடப்படும். அந்த மாதங்களில் வருகிறவர்கள் காலையிலேயே விசாரித்துக்கொள்வது புத்தி.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தில் மூலவர் தானாகத் தோன்றிய லிங்கம். காட்டுக்குள் கொக்கட்டி மரத்தை வேடன் கோடரியால் வெட்ட இரத்தம் பாய்ந்ததாகவும், அங்கே லிங்கம் வெளிப்பட்டதாகவும் ஐதீகம். மண்முனையை ஆண்ட உலகநாச்சியின் பெயரும் அந்தக் கதையில் வரும். மட்டக்களப்புத் தேசம் முழுவதற்கும் பொதுவான 'தேசத்துக் கோயில்'களில் ஒன்று என்பதால் இங்கே எதுவும் தனியாள் விருப்பத்துக்கு நடப்பதில்லை. திருவிழா நாட்கள் குடிகளுக்கும் (தாய்வழி மரபுக் குழுக்களுக்கும்) ஊர்களுக்கும் பங்கு பிரிக்கப்பட்டவை. நிர்வாகம் வண்ணக்கர்மார் எனப்படும் கோயில் பொறுப்பாளர்கள் கையில். விசேட பூசை, அன்னதானம், படமெடுப்பது எதுவானாலும் வண்ணக்கரிடம் கேட்டுச் செய்யுங்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றி வேட்டியோடு, பெண்கள் சேலையோடு போனால் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை.

இனி நந்தி. கோயிலை இடிக்க வந்த பறங்கித் தளபதி, "இந்தக் கல்மாடு புல் தின்னுமா?" என்று நையாண்டி செய்தானாம். குருக்கள் ஈசனை வேண்டிக்கொண்டு புல்லை நீட்ட, கல் நந்தி எழுந்து புல்லைத் தின்று, சாணமும் போட்டு, தளபதியை உதைத்துத் தள்ளியதாம். சாணம் போட்டதை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னால் ஊர்க் கிழவிகள் விடமாட்டார்கள், திருத்துவார்கள். அது சரிதான், தின்றது மாயமில்லை, மாடாகவே தின்றது என்பதற்குச் சாட்சி அந்தச் சாணம். நந்திக்கு முன்னால் கூட்டம் சேரும் இடத்தில் அவசரப்படாமல், மூலவரைத் தரிசித்து, பிரகாரம் சுற்றி வந்தபின் நின்று பாருங்கள். மாலைப் பூசையின் தீபாராதனைக்கு அரை மணி முன்னதாகவே உள்ளே இருப்பது நல்லது.

ஆண்டுத் திருவிழா ஆவணி, புரட்டாதிக் காலத்தில் வரும். தேரோட்டத்தன்று வாகனத்தைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடக்கத் தயாராக வாருங்கள். வடம் பிடிக்க விரும்புகிறவர்கள் தண்ணீர்ப் போத்தலைத் தவிரக் கையில் எதையும் வைத்திருக்க வேண்டாம்.

திரும்பும் பஸ்ஸில்தான் பலர் மாட்டுப்படுவது. பொழுதுபட்டபின் படுவான்கரையிலிருந்து நகருக்கு பஸ் குறைவு. வரும்போதே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நடத்துனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஓட்டோவைப் போய்வரப் பேசி அமர்த்துங்கள். இன்னொரு நாள் கையிலிருந்தால் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்யும் மண்டூர் முருகனையோ, ஏறக்குறைய 75 கிலோமீற்றர் தெற்கே கடலோரத்தில் நிற்கும் திருக்கோவில் சித்திரவேலாயுதரையோ தரிசிக்கலாம். ஆனால் திருக்கோவிலிலும் தீர்த்தம் ஆடி அமாவாசையன்றுதான். மாமாங்கத்தில் முழுகிவிட்டு அங்கேயும் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போட வேண்டாம். அன்று வீதியில் இருக்கும் நெரிசலுக்கு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள முடியும்.